ரெப்ளிகா இருக்குல்ல பாஸ்?

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. பொட்டி தட்டாதவங்களும் படிக்கலாம், ஏடிஎம்ல ஒரு தடவையாவது பணம் எடுத்திருந்தா போதும். மொக்கை எதிர்பார்த்து வந்த மக்கள் போன பதிவுக்கே திரும்பிப் போய் கும்மி அடிக்கவும்.

'ட்ரான்ஸ்பரண்ட்'னு ஒரு வார்த்தை இருக்கு. ஊர்ல எல்லாரும் அதை ஒரு அர்த்தத்துல சொல்றாங்க, எங்க தொழில்ல மட்டும் நேர் எதிரா சொல்றோம். ஒரு பஞ்சாயத்து ட்ரான்ஸ்பரண்ட்டா நடக்குதுன்னா உள்ள நடக்குற கணக்கு வழக்கெல்லாம் வெளியில தெரியுதுன்னு அர்த்தம். நாங்க 'ட்ரான்ஸ்பரண்ட் ஃபெயிலோவர்', 'ட்ரான்ஸ்பரண்ட் ரெப்ளிகேஷன்'னு சொன்னா, உள்ள என்ன எழவு நடந்தாலும் உங்களுக்குத் தெரியாதுன்னு அர்த்தம். அதையும் பெருமையா ஸ்லைடு போட்டுச் சொல்லுவோம். இந்தப் பதிவு அந்தப் பெருமைக்கு எதிரானது. மீட்டிங்ல யாராவது "மெஷின் செத்தா என்ன ஆகும்?"னு கேட்டா "ரெப்ளிகா இருக்குல்ல பாஸ்?"னு ஒரே வரியில வாயை அடைக்கிற கும்பலுக்கு எதிரானது.

இந்த வியாதிக்கு ஒரு பழைய, அழகான கேஸ் ஹிஸ்டரி இருக்கு. அதுலேர்ந்து ஆரம்பிக்கிறேன்.

காலேஜ்ல டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்ஸ் பேப்பர் படிச்சவங்களுக்கு டிஸ்ட்ரிபியூட்டட் ஷேர்டு மெமரின்னு ஒரு பாடம் ஞாபகம் இருக்கும். இருக்காதுன்னா அதுவும் தப்பில்லை, எங்க வகுப்புல அது 'கடைசி யூனிட், இந்த வருஷம் வராது' ரகம். செக்பாயிண்ட், ரோல்பேக், ரிகவரி எல்லாம் அதுக்கு முந்தின யூனிட். ரெண்டையும் தனித்தனியா 16 மார்க்குக்கு உருப்போட்டோம். இந்த ரெண்டு யூனிட்டுக்கும் நடுவுல இருக்கிற சண்டைதான் பாடமேன்னு யாரும் சொல்லலை.

விஷயம் இதுதான். நாலு மெஷின் இருக்கு, நாலுக்கும் தனித்தனி மெமரி. ஆனா ப்ரோக்ராம் எழுதுறவனுக்கு ஒரே பெரிய மெமரி இருக்கிற மாதிரி காட்டணும். ஒண்ணாவது மெஷின்ல ஒரு வேரியபிளுக்கு 5னு போட்டா, மூணாவது மெஷின்ல படிக்கும்போது 5 வரணும். மெசேஜ் அனுப்புறது, வாங்குறது எதையும் ப்ரோக்ராமர் எழுதக் கூடாது. யேல் பல்கலைக்கழகத்துல கை லி 1986-ல தன்னோட முனைவர் பட்ட ஆய்வுல இதைச் செஞ்சு காட்டினார். ஐவின்னு பேரு. அப்பல்லோ வொர்க்ஸ்டேஷன்களை ரிங் நெட்வொர்க்ல கோத்து ஓட்டினது. அவரும் பால் ஹுடாக்கும் சேர்ந்து 1989-ல எழுதின பேப்பர் இன்னிக்கும் படிக்க சுகமா இருக்கும்.

அவர் பிடிச்ச குறுக்கு வழி இருக்கே, அது அபாரம். விர்ச்சுவல் மெமரி ஏற்கெனவே இருக்கு. ஒரு பேஜ் மெமரியில இல்லைன்னா பேஜ் ஃபால்ட் வரும், ஓஎஸ் போய் டிஸ்க்லேர்ந்து கொண்டாரும், நின்ன இன்ஸ்ட்ரக்‌ஷன் திரும்ப ஓடும், ப்ரோக்ராமுக்கு எதுவுமே தெரியாது. கை லி கேட்டது: டிஸ்க்லேர்ந்து கொண்டார்றதுக்குப் பதிலா பக்கத்து மெஷின்லேர்ந்து கொண்டாந்தா? அவ்வளவுதான். படிக்க மட்டும்னா ஆளுக்கொரு நகல் வச்சுக்கலாம். எழுதணும்னா மத்தவங்க நகலையெல்லாம் செல்லாதாக்கிட்டு, நீ ஒருத்தன் மட்டும் ஓனர் ஆகணும்.

கூட்டுக் குடும்பத்துல ஒரே மளிகைக் கணக்கு நோட்டு இருக்குன்னு வச்சுக்குங்க. பார்க்கணும்னா ஜெராக்ஸ் வாங்கிக்கலாம். எழுதணும்னா எல்லார்கிட்ட இருக்கிற ஜெராக்ஸையும் கிழிச்சுப் போட்டுட்டு அசல் தாளை நீங்க வாங்கி சட்டைப் பையில வச்சுக்கணும். அடுத்தவனுக்கு வேணும்னா உங்களைத் தேடி வருவான். நல்ல ஏற்பாடு.

இப்ப சித்தப்பா அசல் தாளைச் சட்டைப் பையில வச்சுக்கிட்டு வெளியூர் போனவர் திரும்பி வரலை. ஜெராக்ஸும் கிழிச்சாச்சு.

ஐவி மாதிரி சிஸ்டத்துல ஒரு மெஷின் செத்தா இதுதான் நடக்கும். அந்த மெஷின் கடைசியா எழுதின பேஜுக்கெல்லாம் உலகத்துல வேற பிரதியே கிடையாது, ஏன்னா எழுதுறதுக்கு முன்னாடி மத்த பிரதியை அழிக்கிறதுதான் சட்டம். அது பிடிச்சு வச்சிருந்த லாக்கை யாரும் விடுவிக்க முடியாது. பேரியர்ல அதுக்காகக் காத்திருக்கிற மூணு மெஷினும் ஆயுசுக்கும் காத்திருக்கும். 'இந்தப் பேஜ் யார்கிட்ட இருக்கு'ங்கிற விலாசக் குறிப்பு அந்த மெஷின்ல இருந்திருந்தா, உயிரோட இருக்கிற மெஷின்ல உயிரோட இருக்கிற பேஜையும் கண்டுபிடிக்க முடியாது.

சரி, இதெல்லாம் சரி பண்ணக்கூடிய சிக்கல்கள். என் கோபம் அதுக்கும் அடியில இருக்கு.

சி-யில ஒரு வரி: x = y + 1. இந்த y இன்னொரு மெஷின்ல இருக்கு, அந்த மெஷின் செத்துப்போச்சு. இப்ப அந்தக் கெட்ட செய்தியை யார்கிட்ட, எப்படிச் சொல்றது? ஃபங்ஷன் கால்னா எரர் கோடு திருப்பலாம். ஃபைல் படிக்கிறதுன்னா மைனஸ் 1 வரும். மெமரியைப் படிக்கிற லோடு இன்ஸ்ட்ரக்‌ஷனுக்கு 'தோத்துட்டேன்'னு சொல்ல வாயே கிடையாது. அதுக்குத் தெரிஞ்சது ஒரு மதிப்பைக் கொண்டாந்து ரெஜிஸ்டர்ல வைக்கிறது மட்டும்தான். ஆக சிஸ்டத்துக்கு முன்னாடி மூணே வழி: அப்படியே தொங்கிக்கிட்டு நிக்கலாம், மொத்த ப்ரோக்ராமையும் கொன்னுடலாம், இல்லைன்னா ஏதோ ஒரு பழைய மதிப்பைக் கொடுத்துப் பொய் சொல்லலாம். மூணாவது இருக்கே, அதைச் செய்யுறதுக்கு முதல் ரெண்டும் தேவலாம்.

இதுல இன்னொரு கொடுமை, அந்த மெஷின் செத்துச்சா இல்லை மெதுவா இருக்கான்னே உறுதியாச் சொல்ல முடியாது. மெசேஜ் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்னு வரம்பே இல்லாத சிஸ்டத்துல, ஒரே ஒரு ப்ராஸஸ் சாகலாம்னு இருந்தாலே, எல்லாரும் கட்டாயம் ஒரு முடிவுக்கு வந்து சேருவாங்கன்னு உத்தரவாதம் தர முடியாதுன்னு ஃபிஷர், லின்ச், பேட்டர்ஸன் மூணு பேரும் 1985-லயே நிரூபிச்சுட்டாங்க. ஐவி வர்றதுக்கு ஒரு வருஷம் முன்னாடி.

இப்ப ஏடிஎம்முக்கு வாங்க. கார்டைப் போட்டு 2,000 ரூபாய் கேட்டீங்க. மெஷின் கரகரன்னு சத்தம் போட்டுச்சு, பணம் வரலை, 'கணக்கில் கழிக்கப்பட்டது'ன்னு எஸ்எம்எஸ் வந்துச்சு. பாதி நடந்துச்சு, பாதி நடக்கலை. எங்க தொழில் பாஷையில இதுக்கு 'பார்ஷியல் ஃபெயிலியர்'னு பேரு. இந்தியாவுல ஏடிஎம் வரிசையில நின்ன எல்லாருக்கும் இது தெரியும், எந்த யூனிட்லயும் படிக்க வேண்டியதில்லை. ரிசர்வ் வங்கிக்கும் தெரியும். அதனாலதான் 2019 செப்டம்பர்ல ஒரு சுற்றறிக்கை போட்டாங்க: பணம் வராம கணக்குல மட்டும் கழிஞ்சா, 5 நாளுக்குள்ள வங்கி தானாவே திருப்பிப் போடணும், அதுக்கு மேல ஆனா நாளுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு. அதாவது 'இது நடக்கும்'னு ஒத்துக்கிட்டு, நடந்தா யாரு, எப்போ, என்ன செய்யணும்னு எழுதி வச்சாங்க. 'எங்க ஏடிஎம் ட்ரான்ஸ்பரண்ட்'னு ஜல்லி அடிக்கலை. ஒரு அரசு சார்ந்த அமைப்பை நான் பாராட்டுறது இந்தப் பதிவுல இது ஒண்ணுதான், குறிச்சு வச்சுக்குங்க :-)

டிஎஸ்எம் ஆளுங்க சும்மா இருக்கலை, அதையும் சொல்லிடணும். 1990-லயே வூ, ஃபுக்ஸ் ரெண்டு பேரும் மீட்கக்கூடிய ஷேர்டு மெமரி பத்தி எழுதிட்டாங்க. அப்புறம் வரிசையா பேப்பர்கள். 1997-ல மோரான், புவோ ரெண்டு பேரும் அதையெல்லாம் தொகுத்து ஒரு சர்வேயே போட வேண்டிய அளவுக்கு. ஆனா அவங்க எதோட மல்லுக்கட்டினாங்கன்னு பாருங்க.

மீட்புக்குச் சாதாரண வழி, அப்பப்ப செக்பாயிண்ட் எடுத்து வச்சுக்கறது. கேம்ல சேவ் பண்ற மாதிரி. செத்தா கடைசி சேவ்லேர்ந்து ஆரம்பி. ஒத்தை மெஷின்னா சரி. நாலு மெஷின்னா? முதல் மெஷின் காலை 10 மணிக்கு சேவ் பண்ணுச்சு, 10:05-க்கு ஒரு பேஜ்ல எழுதுச்சு, அதை ரெண்டாவது மெஷின் 10:06-க்குப் படிச்சு அதை வச்சு இன்னொண்ணை எழுதுச்சு. 10:07-க்கு முதல் மெஷின் அவுட். அதை 10 மணிக்குத் திருப்பிக் கொண்டு போனா, 10:05-க்கு எழுதினது 'நடக்கவே இல்லை'ன்னு ஆயிடும். நடக்காத ஒண்ணை ரெண்டாவது மெஷின் படிச்சிருக்கு. அதனால அதையும் பின்னாடி தள்ளணும். அது எழுதினதைப் படிச்ச மூணாவதையும் தள்ளணும். இப்படியே ஒண்ணை ஒண்ணு தள்ளித் தள்ளி எல்லாரும் ஆரம்பப் புள்ளிக்கே போய் விழலாம். இதுக்கு டாமினோ எஃபெக்ட்னு பேரு, ப்ரையன் ராண்டல் 1975-லயே எச்சரிச்சது.

மெசேஜ் அனுப்பி வேலை செய்யுற சிஸ்டத்துல யாரு யாரைச் சார்ந்திருக்காங்கன்னு மெசேஜைப் பாத்தாவது தெரிஞ்சுக்கலாம். டிஎஸ்எம்ல ஒவ்வொரு பேஜ் ஃபால்ட்டும் ஒரு மறைமுக மெசேஜ். ப்ரோக்ராம் எழுதினவனுக்கே தான் எத்தனை மெசேஜ் அனுப்பினோம்னு தெரியாது. அதைத்தானே பெருமையா 'ட்ரான்ஸ்பரண்ட்'னு சொன்னோம்? இன்னும் மோசம், பங்கு போடுறது வேரியபிள் அளவுல இல்லை, பேஜ் அளவுல. 4,096 பைட்டுக்குள்ள உங்க வேரியபிளும் என் வேரியபிளும் தற்செயலா பக்கத்துல உக்காந்திருந்தா, நமக்குள்ள கொடுக்கல் வாங்கலே இல்லைன்னாலும் ஓயாம பேஜ் அங்கயும் இங்கயும் அலையும். ஃபால்ஸ் ஷேரிங்னு இதை வேகப் பிரச்சினையாத்தான் எல்லா புக்லயும் போட்டிருக்கான். மீட்புப் பக்கத்துலேர்ந்து பாத்தா இது அநியாயம்: உங்க மெஷின் செத்ததுக்கு, உங்களோட சம்பந்தமே இல்லாத என் கணக்கையும் அழிக்கச் சொல்லுது. பக்கத்து வீட்டுக்காரன் கடனுக்கு என் வீட்டை ஜப்தி பண்ற மாதிரி.

வூவும் ஃபுக்ஸும் சொன்ன தீர்வு, எழுதப்பட்ட பேஜ் ஒண்ணை அடுத்த மெஷினுக்குக் கொடுக்குறதுக்கு முன்னாடியே செக்பாயிண்ட் எடுத்துடு. டாமினோ விழாது. ஆனா ஃபால்ஸ் ஷேரிங்ல ஒரு பேஜ் நொடிக்கு எத்தனை தடவை கை மாறும்னு யோசிச்சுக்குங்க. ஒவ்வொரு கை மாத்தத்துக்கும் ஒரு சேவ்.

இப்ப அனானி அண்ணாச்சி பின்னூட்டத்துல வருவார்: "டிஎஸ்எம் செத்தது வேகம் பத்தாமத்தான், ஃபால்ட் டாலரன்ஸால இல்லை. வரலாறு தெரியாம எழுதாதீங்க." பாதி சரி அண்ணாச்சி. வேகத்துக்காக ரைஸ் பல்கலைக்கழகத்துல முனின் பண்ணாங்க, அப்புறம் 1994-ல ட்ரெட்மார்க்ஸ் வந்துச்சு. லேசி ரிலீஸ் கன்சிஸ்டன்ஸின்னு, லாக் வாங்குறப்போ மட்டும் மாற்றங்களைச் சொன்னாப் போதும், பேஜை முழுசா அனுப்பாம வித்தியாசத்தை மட்டும் அனுப்பினாப் போதும்னு பிரமாதமான வேலை. ஃபால்ஸ் ஷேரிங்கோட பல்லைப் பிடுங்கினதே அவங்கதான். அதை நான் குறை சொல்லலை.

இன்னும் நியாயமான எதிர்வாதம் ஒண்ணு இருக்கு, அனானி சொல்லாததால நானே சொல்றேன். இதெல்லாம் விஞ்ஞானக் கணக்குப் போடுறதுக்கு வந்த சிஸ்டம். 3 மணி நேர வேலை செத்தா திரும்ப 3 மணி நேரம் ஓட்டு, யார் குடி முழுகிடும்? எம்பிஐ-யும் அப்படித்தான், எரர் வந்தா மொத்த ஜாபையும் கொல்றதுதான் அதோட டிஃபால்ட். எட்டு மெஷினுக்கு இந்த வாதம் நிக்கும். ஆயிரக்கணக்கான மெஷின்னு வந்தா, ஏதாவது ஒண்ணு சாகுறது விபத்து இல்லை, தினசரி நாள்காட்டி மாதிரி.

அந்த நேரத்துல ஜெயிச்சவன் யாருன்னு பாருங்க. 2004-ல கூகுள் ஜெஃப் டீனும் சஞ்சய் கெமாவத்தும் மேப்ரெடியூஸ் பேப்பர் போட்டாங்க. பொது மெமரியே கிடையாது. ப்ரோக்ராமர் கையைக் கட்டிப் போட்டாங்க: மேப் எழுது, ரெடியூஸ் எழுது, வேற எதுவும் பேசாதே. அந்தக் கட்டுப்பாட்டுக்கு விலையா என்ன கிடைச்சுது? ஒரு மெஷின் செத்தா அதோட வேலையை மட்டும் இன்னொரு மெஷின்ல திரும்ப ஓட்டிடலாம். அழகை விட்டுக் கொடுத்து மீட்பை வாங்கினாங்க. 2012-ல ஸ்பார்க்கோட ஆர்டிடி பேப்பர் வந்துச்சு. பேர்லயே 'ரெசிலியண்ட்' இருக்கு. அந்தப் பேப்பர்ல டிஎஸ்எம்மை எதிர்ல நிறுத்தி ஒரு அட்டவணையே போட்டு ஒப்பிட்டுருக்காங்க: டிஎஸ்எம்ல எங்க வேணா எழுதலாம், ஆனா மீட்க செக்பாயிண்ட்டும் ரோல்பேக்கும் வேணும். எங்கள்ல மொத்தமாத்தான் மாத்த முடியும், ஆனா தொலைஞ்ச துண்டை அது எப்படிப் பிறந்துச்சுங்கிற வம்சாவளியை வச்சுத் திரும்ப உருவாக்கிடலாம். டிஎஸ்எம்மோட சாவுச் சான்றிதழ்ல 'காரணம்: வேகம்'னு மட்டும் எழுதுறவங்க அந்த அட்டவணையை ஒரு தடவை பாத்துட்டு வரவும்.

பொது மெமரிங்கிற ஆசையே தப்புன்னும் சொல்ல வரலை. மைக்ரோசாஃப்ட் ரிசர்ச்சோட ஃபார்ம் சிஸ்டம் 2015 பேப்பர்ல 90 மெஷின் மெமரியையும் ஒரே அட்ரஸ் ஸ்பேஸா காட்டுது, மெஷின் செத்தா 50 மில்லிசெகண்டுக்குள்ள மீளுது. வித்தியாசம் என்னன்னா, அங்க மெமரியைத் தொடுறது ட்ரான்ஸாக்‌ஷனுக்குள்ள. கடைசியில கமிட் பண்ணும்போது 'முடியலை'ங்கிற பதில் வரலாம்னு ப்ரோக்ராமருக்குத் தெரியும், அதைக் கேக்குற இடம் கோடுல இருக்கு. கெட்ட செய்தி வந்து உக்கார ஒரு நாற்காலி போட்டு வச்சிருக்காங்க. ஐவியில அந்த நாற்காலி இல்லை.

1994-ல சன் மைக்ரோசிஸ்டம்ஸ்ல ஜிம் வால்டோவும் அவர் சகாக்களும் இதையே சின்னக் குறிப்பா எழுதினாங்க. தூரத்துல இருக்கிற பொருளை உள்ளூர்ப் பொருள் மாதிரியே காட்ட முயற்சி பண்ணாதீங்க, தாமதத்தைக் கூட சமாளிச்சுடலாம், பாதி சாவை மறைக்கவே முடியாதுன்னு. ஜாவா ஆர்எம்ஐ-ல ரிமோட் எக்ஸெப்ஷனைக் கட்டாயமா பிடிக்கணும்னு வச்சிருக்கிறதும் அதே எண்ணத்துலதான். நாம என்ன பண்ணோம்? அந்த எக்ஸெப்ஷனைப் பிடிச்சு, லாக்ல ஒரு வரி எழுதிட்டு, மூடி வச்சோம். எரிச்சலா இருக்குன்னு அதை மறைக்க ஃப்ரேம்வொர்க் எழுதினோம். இப்ப சிஎக்ஸ்எல் வந்திருக்கு. 2020-ல வந்த 2.0-ல மெமரியைப் பொதுவா வச்சுப் பிரிச்சுக் கொடுக்கலாம், 2022-ல வந்த 3.0-ல பல மெஷின் ஒரே மெமரியைப் பங்கு போட்டுக்கலாம். திரும்பவும் அதே லோடு, அதே ஸ்டோர், ஹார்ட்வேர் வேகத்துல. ஸ்லைடுல நானோசெகண்டு கணக்கு நிறைய இருக்கு. அந்தப் பொட்டிக்குக் கரண்ட் போனா லோடு இன்ஸ்ட்ரக்‌ஷன் யார்கிட்ட போய் அழும்ங்கிற கேள்வி கடைசி ஸ்லைடுல சின்ன எழுத்துல. நாற்பது வருஷமா அதே சித்தப்பா, அதே சட்டைப் பை.

சரி, ரெப்ளிகாவுக்கு வர்றேன். "ஒண்ணு செத்தா இன்னொண்ணு இருக்குல்ல?"

1996 ஜூன் 4. ஏரியான் 5 ராக்கெட்டோட முதல் பயணம். திசை காட்டுற கருவி ரெண்டு இருந்துச்சு, ஒண்ணு ஓட, இன்னொண்ணு ஹாட் ஸ்டாண்ட்பை. 64 பிட் எண்ணை 16 பிட்டுக்குள்ள திணிக்கப் போய் முதன்மைக் கருவி அவுட். உடனே ஸ்டாண்ட்பைக்கு மாறணுமே? அது ஏற்கெனவே, 72 மில்லிசெகண்டுக்கு முன்னாடியே, அதே காரணத்தால செத்திருந்துச்சு. அதே சாஃப்ட்வேர், அதே எண், அதே முட்டாள்தனம். ரெண்டு காப்பி வச்சிருந்தாங்க, பிழையையும் ரெண்டு காப்பி. கிளம்பி ஒரு நிமிஷம் கூட ஆகலை, ராக்கெட் வெடிச்சுச் சிதறிடுச்சு.

2018 அக்டோபர் 21, கிட்ஹப். பழுதான ஆப்டிகல் கருவி ஒண்ணை மாத்துற வழக்கமான வேலை. அமெரிக்கக் கிழக்குக் கரையில இருந்த அவங்க முதன்மை டேட்டா சென்டருக்கும் நெட்வொர்க் மையத்துக்கும் நடுவுல தொடர்பு அறுந்துச்சு. எவ்வளவு நேரம்? 43 வினாடி. ஒரு ரெண்டு நிமிஷம் சும்மா இருந்திருந்தா தானா சரியாகி இருக்கும். ஆனா ஃபெயிலோவர் மென்பொருள் சமர்த்துப் பிள்ளையா, கிழக்கு செத்துடுச்சுன்னு முடிவு பண்ணி மேற்குக் கரையில புது ப்ரைமரியை உக்கார வச்சுது. கிழக்குல எழுதப்பட்ட சில விஷயம் மேற்குக்கு இன்னும் போய்ச் சேரலை. மேற்குல புதுசா எழுத ஆரம்பிச்சாச்சு. ரெண்டுமே உண்மை, ரெண்டையும் தானியங்கியா சேர்க்க முடியாது. ரொம்ப பிஸியான ஒரு க்ளஸ்டர்ல அப்படி மாட்டிக்கிட்டது 954 ரைட்டுகள்தான். அந்த 43 வினாடியிலேர்ந்து முழுசா மீண்டு வர ஆன நேரம் 24 மணி 11 நிமிஷம். இந்த ரெண்டு எண்ணையும் ஒரு பேப்பர்ல எழுதி மானிட்டர் மேல ஒட்டி வச்சுக்கலாம். டேட்டா தொலையக் கூடாதுன்னு சைட்டை முடக்கி வச்சுட்டுப் பொறுமையா சரி பண்ணாங்க, அப்புறம் நடந்ததை விலாவாரியா வெளியில எழுதினாங்க, அதுக்கு ஒரு சலாம்.

2017 ஜனவரி 31, கிட்லேப். தப்பான மெஷின்ல டேட்டாபேஸ் டைரக்டரியை அழிச்சுட்டாங்க. ரெப்ளிகா உதவற நிலையில இல்லை. தினசரி பேக்கப்பைத் தேடினா அது பல நாளா தோத்துக்கிட்டிருந்துச்சு, டம்ப் எடுக்குற கருவி 9.2 வெர்ஷன், டேட்டாபேஸ் 9.6. தோல்வின்னு சொல்ல வேண்டிய மெயிலை மெயில் சர்வரே தடுத்துக்கிட்டிருந்துச்சு. காப்பாத்தினது எது தெரியுமா? ஒரு இன்ஜினியர் வேற ஏதோ வேலைக்காக 6 மணி நேரத்துக்கு முன்னாடி கையால எடுத்து வச்சிருந்த ஸ்னாப்ஷாட். எழுதி வச்ச திட்டம் எல்லாம் படுத்துக்கிச்சு, தற்செயல் காப்பாத்துச்சு.

ரொம்பப் பழசு எல்லாம் சொல்றீங்கன்னு சொல்லாதீங்க. 2025 அக்டோபர் 20, அமேசான். டைனமோடிபி-யோட டிஎன்எஸ் பதிவுகளைப் பாத்துக்கற தானியங்கி வேலையாள் பாதுகாப்புக்காகவே மூணு இடத்துல தனித்தனியா ஓடுச்சு. அதுல மெதுவா இருந்த ஒண்ணு பழைய திட்டத்தை மேல எழுத, இன்னொண்ணு பழசுன்னு அதைத் துடைக்க, விலாசமே காலி. உபரியா வச்ச ஆளுங்களே ஒருத்தர் காலை ஒருத்தர் வாரினாங்க. டைனமோடிபி சுமார் 3 மணி நேரத்துல திரும்பிடுச்சு. ஆனா அந்தக் கொஞ்ச நேரத்துல காலாவதியான குத்தகைகளை எல்லாம் ஒரே நேரத்துல புதுப்பிக்கப் போய், இசி2-ல புது மெஷின் கிளப்புற வேலை அவங்க ஊர் மதியம் வரைக்கும் திணறுச்சு. வியாதி போயிடுச்சு, மருந்தோட பின்விளைவு போகலை.

ரெப்ளிகா இருக்கிறது வேற, மீட்பு இருக்கிறது வேற. ரெப்ளிகா ஒரு பொருள், காசு கொடுத்தா கிடைக்கும். மீட்பு ஒரு வேலை, செஞ்சு பாத்தாத்தான் இருக்கா இல்லையான்னே தெரியும்.

செஞ்சு பாக்குறோமேன்னு சொல்லுவாங்க. டிஆர் ட்ரில்! நான் வேலை பாத்த ஒரு ப்ராஜெக்ட்ல வருஷா வருஷம் அந்தத் திருவிழா நடக்கும். ரெண்டு வாரம் முன்னாடியே கொடியேத்தம், மெயில் மேல மெயில். சனிக்கிழமை ராத்திரி 11 மணி. முதல்ல யூசர் யாரும் உள்ள வராம கதவைச் சாத்துவாங்க. க்யூவுல இருக்கிற மெசேஜ் எல்லாம் வடிஞ்சு தீரக் காத்திருப்பாங்க. ரெப்ளிகா லேக் சரியா ஜீரோ ஆகிற வரைக்கும் ஸ்க்ரீனையே பாத்துக்கிட்டிருப்பாங்க. அப்புறம் அப்ளிகேஷன்களை வரிசைப்படி மரியாதையா நிறுத்தி, அந்தப் பக்கம் வரிசைப்படி கிளப்பி, எக்ஸல்ல எல்லா வரியிலயும் பச்சை. எல்லாருக்கும் நன்றி மெயில், பீட்சா. ஐயா, இது பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் வச்சு வீடு மாத்துறது. தீ விபத்துக்கு இதைப் போய் ஒத்திகைங்கறீங்க. லேக் ஜீரோவா இருக்கும்போதுதான் சாவேன்னு எந்த டேட்டாபேஸும் சத்தியம் பண்ணித் தரலை. "ஒரே ஒரு ப்ராஸஸை, டெஸ்ட் என்விரான்மென்ட்லதான், சொல்லாம கொள்ளாம கில் மைனஸ் 9 போட்டுப் பாக்கலாமா?"ன்னு நான் கேட்டதுக்குக் கிடைச்ச பதில்: "எதுக்குப்பா நல்லா ஓடுறதைப் போய்..." நல்ல நேரம் பாத்துச் சாகுற மெஷினுக்கு மட்டும்தான் எங்ககிட்ட காப்பீடு இருந்துச்சு.

நான் மிகைப்படுத்தலை. டொரோன்டோ பல்கலைக்கழகத்துலேர்ந்து 2014-ல ஒரு ஆய்வு வந்துச்சு. கசாண்ட்ரா, ஹெச்பேஸ், ஹெச்டிஎஃப்எஸ், மேப்ரெடியூஸ், ரெடிஸ் அஞ்சுலயும் நிஜமா நடந்த 198 கோளாறுகளை ஒவ்வொண்ணா பிரிச்சுப் பாத்தாங்க. மொத்தமா கவுந்த கேஸ்கள்ல 92 சதவீதம், கோடுக்குத் தெளிவா 'இங்க எரர்'னு சொல்லப்பட்டு, அதைக் கையாண்ட விதம் தப்பாப் போனதால வந்தது. பேரிடர் இல்லை, காஸ்மிக் கதிர் இல்லை. 35 சதவீதம் அற்பமான தப்பு: கேட்ச் ப்ளாக் காலியா இருக்கும், இல்லைன்னா லாக்ல ஒரு வரி, இல்லைன்னா 'அப்புறம் எழுதணும்'னு ஒரு டுடூ கமெண்ட். மூணு மெஷின் வச்சாலே கிட்டத்தட்ட எல்லாத்தையும் திரும்ப வர வைக்க முடிஞ்சுது. ஃபால்ட் டாலரன்ஸுக்குன்னே கட்டின சிஸ்டங்கள்லயே இந்த லட்சணம்னா, நாம எழுதுற பில்லிங் அப்ளிகேஷன்ல கேட்ச் ப்ளாக் எப்படி இருக்கும்னு உங்க மனசாட்சியைத் தொட்டு... வேண்டாம், ஐடிஇ-யைத் திறந்தே பாருங்க.

ஸ்டான்ஃபோர்டின் கேண்டியாவும் ஃபாக்ஸும் 2003-ல கொஞ்சம் குரூரமான யோசனை ஒண்ணு சொன்னாங்க. 'க்ராஷ் ஒன்லி'ன்னு பேரு. ப்ரோக்ராமுக்கு மரியாதையா நிறுத்துற வழியே கொடுக்காதே. நிறுத்தணும்னா கொல்லு. கிளம்புறதுன்னா எப்பவும் மீட்புப் பாதை வழியாத்தான் கிளம்பணும். அப்படி இருந்தா மீட்புக் கோடு வருஷத்துக்கு ஒரு தடவை, ராத்திரி 3 மணிக்கு, எழுதினவன் வேலையை விட்டுப் போன பிறகு ஓடாது. ஒவ்வொரு டிப்ளாய்மென்ட்டுக்கும் ஓடும். நெட்ஃப்ளிக்ஸ் கேயாஸ் மங்கியை 2010-ல வெளியில சொன்னப்போ எல்லாரும் ஆஹா ஓஹோன்னாங்க, கான்ஃபரன்ஸ்ல டி-ஷர்ட் வாங்கிட்டு வந்தாங்க. டி-ஷர்ட் மட்டும்தான் ப்ரொடக்‌ஷனுக்கு வந்துச்சு.

"இதெல்லாம் பெரிய கம்பெனிக்கு, எங்களுக்கு பட்ஜெட் இல்லை"ன்னு சொல்றவங்களுக்கு: கில் மைனஸ் 9 இலவசம். போன வார பேக்கப்பை ஒரு காலி மெஷின்ல ஏத்திப் பாக்க ஒரு சாயங்காலம் போதும். கேட்ச் ப்ளாக்கைத் தேட க்ரெப் போதும். டிசைன் ரிவ்யூல "இந்தக் கால் தோத்தா அதைக் கேக்குற வரி எது?"ன்னு விரலை வச்சுக் காட்டச் சொல்ல வாய் போதும். காட்ட முடியலைன்னா அந்தப் பொட்டியில 'ஹைலி அவைலபிள்'னு எழுதுறதை மட்டுமாவது நிறுத்துங்க. அந்த வரி இல்லாததுக்கு விலை கொடுக்குறது ஸ்லைடு போட்டவர் இல்லை. பணம் கழிஞ்சு ரசீது வராம, மருந்துக்கடை கவுண்டர்ல போனைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கிட்டு நிக்கிறவங்க.

பி.கு. 1: "தோத்தா திரும்ப அனுப்பினாப் போச்சு"ன்னு ரீட்ரை சங்கத்துத் தலைவர்கள் கிளம்பி வருவாங்கன்னு தெரியும். ஒரே பணத்தை ரெண்டு தடவை கழிக்கிற கலை பத்தித் தனிப் பதிவு பாதி எழுதி ட்ராஃப்ட்ல கிடக்கு. ஆணி குறைஞ்சதும் வருது.

பி.கு. 2: உங்க ஆபீஸ்ல நிஜமாவே சொல்லாம கொள்ளாம மெஷினைக் கொன்னு பாக்குற டீம் இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. கம்பெனி பேர் வேண்டாம், எப்படி மேனேஜரைச் சம்மதிக்க வச்சீங்கங்கிறது மட்டும் வேணும்.